64 ஜிபி ரேம் இல்லாமல் ஆண்ட்ராய்டைக் கம்பைல் செய்ய முடியுமா?

ஆண்ட்ராய்டை மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து (அதாவது போனில் ஓடும் வடிவத்துக்கு மாற்றி) பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். நிரல் எழுதத் தெரியாததால் அல்ல. கூகுளின் ஆவணத்தைத் திறந்தால் 64 ஜிபி ரேம், 400 ஜிபி காலி இடம் என்று போட்டிருக்கிறது. அதோடு, கூகுளுக்குள் 72 கோர் கணினிகளில் இதைச் செய்கிறார்கள், ஒரு முழு பில்டுக்கு, அதாவது முழுவதையும் ஒரு முறை கம்பைல் செய்து முடிக்க, சுமார் 40 நிமிடம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறது. கையில் 8 ஜிபி லேப்டாப் வைத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவர் இதைப் படித்தால் என்ன செய்வார்? மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்.

மூடிவைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த எண்களை யாரும் சும்மா எழுதிவைக்கவும் இல்லை. எந்த எண் எதற்காகக் கேட்கப்படுகிறது என்று புரிந்துவிட்டால், இருக்கிற பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பது தெளிவாகிவிடும். என் அனுபவத்தில் வரிசை இதுதான்: முதலில் ரேம், அப்புறம் எஸ்எஸ்டி, அதற்கும் பிறகுதான் பிராசஸர். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

நான் கம்பைல் செய்வது போக்கோ எஃப்1 போனுக்கு. 2018 ஆகஸ்டில் வெளிவந்தது, ஸ்னாப்டிராகன் 845 சிப். அதிகாரப்பூர்வமாக ஆண்ட்ராய்டு 10 வரை போன போன் அது. பேட்டரி மாற்றினேன், மற்றபடி இன்றைக்கும் அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். அதைக் குப்பையில் போட எனக்கு மனமில்லை. 2016 டிசம்பரில் சயனோஜென்மோட் என்ற ஆண்ட்ராய்டு மாற்றுப் பதிப்பு மூடப்பட்டபோது அதன் தொடர்ச்சியாகக் கிளம்பிய லினேஜ்ஓஎஸ் இந்த போனுக்குக் கிடைக்கிறது. தயாராக இருக்கும் பில்டை இறக்கிப் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் கெர்னலில் (வன்பொருளை நேரடியாக இயக்கும் மையப் பகுதி) சில மாற்றங்கள், எனக்கு வேண்டாத சில ஆப்களை நீக்குவது, பாதுகாப்பு பேட்ச் வந்ததும் நானே சேர்ப்பது என்று ஆசை வளர்ந்ததும் சொந்தமாகக் கம்பைல் செய்வதுதான் வழி என்றாகிவிட்டது. இங்கே சொல்லப் போவதெல்லாம் லினேஜ் 20, அதாவது ஆண்ட்ராய்டு 13-ஐ மனதில் வைத்து. அதற்குப் பிந்தைய பதிப்புகள் இன்னும் கூடுதலாகக் கேட்கும், குறைத்துக் கேட்காது.

ரேம்

பலரும் நினைப்பது, ரேம் குறைவாக இருந்தால் பில்ட் மெதுவாக ஓடும், அவ்வளவுதான் என்று. அப்படி இல்லை. பில்ட் பாதியில் செத்துவிடும். அதுவும் எங்கே செத்தது, ஏன் செத்தது என்று தெளிவாகச் சொல்லாமல் சாகும். திரையில் 'கில்ட்' என்று ஒரு சொல், அல்லது 137 என்று ஓர் எண், அவ்வளவுதான் மிஞ்சும். இந்த 137 எங்கிருந்து வருகிறது என்றால், லினக்ஸ் கெர்னல் ஒரு நிரலை வலுக்கட்டாயமாகக் கொல்லும் சிக்னலின் எண் 9; ஒரு நிரல் சிக்னலால் செத்தால் அந்த எண்ணோடு 128-ஐக் கூட்டிக் காட்டுவது வழக்கம். ஆக 137 என்று பார்த்தால் மூலநிரலில் பிழை தேடிக் கொண்டிருக்க வேண்டாம். கெர்னல் பதிவேட்டைத் திறந்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று அதிலேயே எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் நாள் கணக்கில் டிவைஸ் ட்ரீயை (குறிப்பிட்ட போனுக்கான அமைப்புக் கோப்புகளை) புரட்டிக் கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ரேமை எது தின்கிறது என்று பார்ப்போம். ஆண்ட்ராய்டு பில்டின் முதல் கட்டத்தில் சூங் என்ற கருவி, மூலநிரல் முழுவதும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான புளூபிரிண்ட் கோப்புகளைப் படித்து, எது எதைச் சார்ந்தது என்று ஒரு பெரிய வரைபடத்தை நினைவகத்தில் கட்டுகிறது. அந்த வரைபடத்திலிருந்து நிஞ்சா என்ற அடுத்த கருவிக்கான வேலைப் பட்டியல் உருவாகிறது. இவ்வளவு நடந்து முடியும்வரை சி நிரலில் ஒரு வரிகூடக் கம்பைல் ஆகியிருக்காது. ஆனால் சூங்கின் இந்த ஒரு நிரல் மட்டுமே என் கணினியில் பல ஜிபியை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி லேப்டாப் இங்கேயே தடுமாறும். ரேம் போதாதபோது வட்டில் கடன் வாங்கும் இடமான ஸ்வாப்பை நம்பி ஓட விட்டால் மவுஸ் அசையாது, விசைப்பலகை கேட்காது, ஹார்ட்டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரேம் போதாதவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்பது. அதாவது ஜே என்ற விருப்பத்தில் 16-க்குப் பதில் 4 என்று கொடுப்பது. நல்ல யோசனைதான், ஆனால் அது பின்னால் வரும் நிஞ்சா கட்டத்துக்குத்தான் உதவும். சூங் ஒரே நிரல். அதன் பசியை ஜே குறைக்காது. சூங்கிலேயே செத்தால் தீர்வு ஸ்வாப் கூட்டுவது அல்லது ரேம் கூட்டுவது, இரண்டில் ஒன்றுதான். எந்தக் கட்டத்தில் செத்தது என்று முதலில் பார்த்துவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

சூங்கைத் தாண்டிய பிறகு அடுத்த கண்டம் மெட்டலாவா. ஆண்ட்ராய்டின் பொது ஏபிஐகளை (ஆப்கள் அழைக்கக்கூடிய வசதிகளை) அலசி, ஆவணமும் வெற்றுக் கூடுகளும் தயாரிக்கிற கருவி. ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுகிறது, ஒவ்வொன்றும் சில ஜிபி எடுக்கும், சமயத்தில் இரண்டு மூன்று சேர்ந்து கிளம்பும். ஆப்களைச் சுருக்கும் ஆர்8 கருவியும் இதே ரகம். கம்பைல் ஓடும்போது நினைவகப் பயன்பாட்டைப் பக்கத்து ஜன்னலில் பார்த்துக் கொண்டிருந்தால், பெரும்பாலான நேரம் பாதி ரேம்கூட நிரம்பியிருக்காது. சி, சி++ கோப்புகள் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் கேட்கும். ஆனால் மெட்டலாவா கிளம்பும் சில நிமிடங்களில் கோடு மேலே மேலே ஏறும். 64 ஜிபி கேட்பது அந்த உச்சத்துக்காக. அதனால்தான் உச்சத்தை மட்டும் சமாளித்துவிட்டால் குறைந்த ரேமிலும் காரியம் நடக்கிறது. இப்படி அதிகம் தின்னும் வேலைகளை நிஞ்சா ஒரு தனிக் குழுவில் வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் அவற்றில் எத்தனை ஓடலாம் என்பதைச் சூழல் மாறி ஒன்றால் கட்டுப்படுத்தலாம். 16 ஜிபி வைத்திருப்பவர்கள் அதை 1 என்று வைத்துவிட்டு, ஜே-யை 4 அல்லது 6 என்று கொடுத்தால் மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேரும்.

16 ஜிபியில் நான் செய்தது: ஜிராம் இயக்கினேன். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கி வைக்கும் ஸ்வாப்பாக மாற்றும் வசதி அது. இசட்எஸ்டிடி சுருக்கத்தோடு போட்டால் நல்ல பலன் தெரியும். லினேஜ்ஓஎஸ் ஆவணமே இதைப் பரிந்துரைக்கிறது. அதோடு, என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியில் 32 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று. கிராஃபிகல் டெஸ்க்டாப்பை மூடிவிட்டு, வெறும் எழுத்துத் திரையில், டெர்மினல் மூடினாலும் ஓடிக்கொண்டே இருக்கும் டிமக்ஸ் அமர்வுக்குள் பில்டை ஓட விட்டேன். டெஸ்க்டாப்பும் பிரவுசரும் மட்டும் 3, 4 ஜிபியைப் பிடித்துக்கொள்ளும் காலம் இது. அந்த இடத்தைத் திரும்ப வாங்குவதற்குக் காசு ஆகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். உபுண்டு லினக்ஸ் 22.04-இல் நினைவகப் பற்றாக்குறையைக் கண்காணிக்கும் சிஸ்டம்டி-யின் ஓஓஎம் சேவை முன்னிருப்பாக இயங்குகிறது. நினைவக நெருக்கடி நீடித்தால் அது கம்பைலரை மட்டும் கொல்லாது, கம்பைலர் இருக்கும் குழுவையே கொல்லும், அதாவது உங்கள் டெர்மினல் ஜன்னலே பிழைச்செய்தியோடு சேர்ந்து மறைந்துவிடும். கம்பைல் செய்யும் கணினியில் அந்தச் சேவையை நிறுத்தி வைப்பது நல்லது.

இப்படி 16 ஜிபியில் பில்ட் முடிந்தது, போன் பூட் ஆனது. இரவு தூங்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையிலோ மதியமோ முடியும் என்கிற வேகம். பிறகு 32 ஜிபிக்கு மாறினேன். அந்த ஒரு மாற்றம் கொடுத்த நிம்மதியைப் புது பிராசஸர்கூடக் கொடுக்கவில்லை. லினேஜ்ஓஎஸ் ஆவணம் 18.1 முதல் 32 ஜிபி என்று சொல்கிறது, 17.1 வரை 16 போதும் என்கிறது. நான் பார்த்தவரை அது நியாயமான கணக்கு. இப்போது 64 இருக்கிறது. ஸ்வாப் தொடுவதே இல்லை, பக்கத்தில் பிரவுசர் திறந்து வேறு வேலையும் பார்க்க முடிகிறது. ஆனால் கற்றுக்கொள்ள 64 வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மதர்போர்டு வாங்கும்போது மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேம் செருக நான்கு இடம் உள்ள பலகையாக இருக்கட்டும். இரண்டே இடமுள்ள மலிவுப் பலகையில் 8-ம் 8-ம் போட்டுவிட்டால், பிறகு கூட்டுவதற்கு இருப்பதைக் கழற்றி விற்க வேண்டும். லேப்டாப் என்றால் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றி மாட்டக்கூடியதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பற்றவைத்த 8 ஜிபி என்றால் அது என்றைக்கும் 8 ஜிபிதான்.

இடம், வட்டு

400 ஜிபி என்ற கணக்கை கூகுள் இப்படிப் பிரிக்கிறது: மூலநிரலை இறக்க 250, கம்பைல் செய்ய 150. லினேஜ்ஓஎஸ் 300 என்கிறது. நடைமுறையில் இதைக் குறைக்கலாம். ஆண்ட்ராய்டின் நூற்றுக்கணக்கான கிட் களஞ்சியங்களை (மாற்றங்களின் வரலாற்றோடு நிரலைச் சேமிக்கும் இடங்களை) ஒன்றாக இறக்கும் ரெப்போ கருவியைத் தொடங்கும்போது ஆழம் 1 என்று கொடுத்தால் ஒவ்வொரு கிட் களஞ்சியத்தின் பல வருட வரலாறும் இறங்காது, கடைசி நிலை மட்டும் இறங்கும். சிங்க் செய்யும்போது, அதாவது மூலநிரலை இறக்கும்போது, நடப்புக் கிளை மட்டும், டேக்குகள் வேண்டாம் என்ற விருப்பங்களையும் சேருங்கள். நீங்கள் பழைய மாற்றங்களை ஆராயப் போவதில்லை என்றால் இது போதும். ஆராய வேண்டிய ஒன்றிரண்டு களஞ்சியங்களுக்கு மட்டும், உதாரணமாக கெர்னலுக்கு, பிறகு முழு வரலாற்றை இறக்கிக்கொள்ளலாம்.

512 ஜிபி எஸ்எஸ்டியில் செய்ய முடியும், ஆனால் மூச்சுத் திணறும். ஒரு போனுக்கு ஒரு பதிப்பு என்ற அளவில் நிற்கும். சி-கேஷ் வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொரு போனுக்கும் செய்ய வேண்டும் என்றால் 1 டிபி. சி-கேஷ் பற்றி ஒரு வார்த்தை: ஏற்கெனவே கம்பைல் செய்த சி, சி++ கோப்புகளின் முடிவைச் சேமித்து வைத்து அடுத்த முறை அதையே எடுத்துக் கொடுக்கும். 50 ஜிபி ஒதுக்கினால் ஒரு போனுக்குப் போதும். ஆனால் ஜாவா, கோட்லின், ரஸ்ட் பகுதிகளுக்கு அதனால் பலன் இல்லை. முதல் பில்டிலும் பலன் இல்லை. கம்பைல் முடிவுகள் சேரும் அவுட் கோப்புறையை அடிக்கடி முழுசாக அழித்துவிட்டுப் புதிதாகக் கம்பைல் செய்கிறவர்களுக்குத்தான் அது கைகொடுக்கும். அழிக்காமல் மேலேயே கம்பைல் செய்தால் நிஞ்சாவே மாறாத கோப்புகளைத் தொடாமல் விட்டுவிடும்.

ஹார்ட்டிஸ்க்கில் செய்யலாமா? லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்கும் வேலை இது. சுழலும் வட்டு இதற்குச் சரிப்படாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினாலே வித்தியாசம் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் கிடைப்பது அந்த அளவுக்கு இல்லை, ஏனென்றால் அதற்குள் தடை பிராசஸர் பக்கம் போய்விடுகிறது. பணம் இடித்தால் பெரிய சாட்டா எஸ்எஸ்டியை எடுங்கள். மிக மலிவான க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும்) ரகங்களில் மட்டும் எச்சரிக்கை: தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் அவற்றின் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பி, பிறகு வேகம் ஹார்ட்டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். வட்டு நிரம்ப நிரம்ப இது மோசமாகும்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்று கேட்பார்கள். நல்ல 1 டிபி டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட் வைக்கும்) எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டிபி எழுத்துக்கு உத்தரவாதம் தருகிறார்கள். ஒரு முழு பில்ட் 150 அல்லது 200 ஜிபி எழுதுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த எல்லையைத் தொட மூவாயிரம் முழு பில்டுகள் வேண்டும். வீட்டிலிருந்து செய்கிற யாரும் அங்கே போய்ச் சேர மாட்டார்கள்.

எக்ஸ்டெர்னல் டிரைவில் வைக்க நினைப்பவர்கள் அதை முதலில் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்ய வேண்டும். விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் வட்டுகளில் மூலநிரலை விரித்தால் சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி), கோப்பு அனுமதி, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு என்று வரிசையாகக் குழப்பம் வரும்.

பிராசஸர்

இங்கே அதிகம் சொல்ல இல்லை. கோர் கூடினால் நேரம் குறையும். கூகுள் ஆவணம் 72 கோருக்கு 40 நிமிடம் என்று சொல்லும் அதே இடத்தில், 6 கோர் கணினிக்குப் பல மணி நேரம் என்றும் சொல்கிறது. என் 6 கோர் ரைசனும் அப்படித்தான். ஆனால் ரேம் இல்லாமல் கோர் மட்டும் கூட்டுவது, கல்யாண வீட்டில் சமையல்காரர்களைக் கூட்டிவிட்டு அடுப்படியை அகலப்படுத்தாமல் விடுவது போல. ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (பிராசஸர் ஒரே நேரத்தில் நடத்தும் ஒவ்வொரு வேலைக்கும்) 2 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 த்ரெட் உள்ள பிராசஸருக்கு 24, அதாவது கடையில் கிடைக்கும் அளவில் 32. 16 ஜிபியுடன் 16 த்ரெட் வாங்கினால் பாதி த்ரெட்டை நீங்களே ஜே கொடுத்துக் கட்டிப்போட வேண்டியிருக்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் பழைய ஜியான்களை (இன்டெலின் சர்வர் பிராசஸர்களை) பலர் பரிந்துரைக்கிறார்கள். 2016-இல் வந்த ஈ5-2680 வி4 போன்றவை: 14 கோர், 28 த்ரெட். அவற்றில் போடும் ஈசிசி ரேமும் செகண்ட்ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும்போது மொத்தக் கணக்கு கவர்ச்சியாகத் தெரியும். நிஞ்சா கட்டத்தில் இது நன்றாகவே ஓடும். ஆனால் சூங் ஆய்வு, கடைசியில் சிஸ்டம் இமேஜைக் கட்டுவது, ஜிப் ஆக்கி கையெழுத்திடுவது ஆகியவற்றில் பெரும்பகுதி எல்லாக் கோர்களையும் பயன்படுத்தாது. அங்கே ஒற்றைக் கோரின் வேகம்தான் பேசும். ஒரு சின்ன மாற்றம் செய்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யும்போது நீங்கள் காத்திருப்பது பெரும்பாலும் இந்தக் கட்டங்களுக்காகத்தான். அதனால் என் விருப்பம், வேகமான 6 அல்லது 8 கோர் புது பிராசஸர்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். கம்பைலுக்கு அது உதவாது. பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் ரகமாக எடுத்து, மிச்சப்படும் பணத்தை ரேமில் போடுங்கள். மேக்புக் வைத்திருப்பவர்களுக்குக் கசப்பான செய்தி: 2021 ஜூன் 22-க்குப் பிறகு மேக்ஓஎஸ்ஸில் ஆண்ட்ராய்டைக் கம்பைல் செய்யும் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 மூலம் செய்ய முடியும், ஆனால் மூலநிரலை அதன் சொந்த லினக்ஸ் வட்டுக்குள் வைக்க வேண்டும், சி டிரைவில் வைக்கக் கூடாது. அது முன்னிருப்பாக ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைத்து அமைப்புக் கோப்பில் கூட்டிக் கொடுங்கள். உபுண்டு என்றால் 22.04-ஐ நான் சொல்வேன். 24.04-இல் பயனர் நேம்ஸ்பேஸ் (நிரல்களைத் தனிமைப்படுத்தும் வசதி) மீதான கட்டுப்பாட்டால் பில்டின் என்எஸ்ஜெயில் பாதுகாப்புக் கூண்டு முரண்டுபிடிக்கிறது, பழைய என்கர்சஸ் 5 நூலகமும் அதன் களஞ்சியத்தில் இல்லை. தீர்க்கக்கூடியவைதான், முதல் முறை செய்கிறவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

நெட், கரண்ட், வெயில்

லினேஜ்ஓஎஸ் ஆவணத்தின் தேவைப் பட்டியலில் நல்ல இணைய இணைப்பும் நம்பகமான மின்சாரமும் வேண்டும் என்று ஒரு வரி உண்டு. நம் ஊரில் உட்கார்ந்து படிக்கும்போது அந்த வரிதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

100 எம்பிபிஎஸ் ஃபைபரில் 100 ஜிபி இறங்கக் கணக்குப்படி இரண்டேகால் மணி நேரம். 30 எம்பிபிஎஸ்ஸில் ஏழரை மணி நேரம். ஒரு நாளைக்கு 2 ஜிபி என்ற மொபைல் பிளானில் இது நடக்கவே நடக்காது. லைன் அறுந்து அறுந்து வரும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: கிட் ஒரு களஞ்சியத்தைப் பாதி இறக்கும்போது அறுந்தால், அந்தக் களஞ்சியத்தை மறுபடி முதலிலிருந்துதான் இறக்கும். ஃபிரேம்வொர்க்ஸ் பேஸ், கிளாங் முன்கட்டு போன்ற பெரிய களஞ்சியங்களில் இது மனதை உடைத்துவிடும். பல வழிகாட்டிகளில் 'குளோன் பண்டில் வேண்டாம்' என்ற விருப்பத்தைப் பழக்கமாகச் சேர்த்திருப்பார்கள். மோசமான லைன் உள்ளவர்கள் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஆழம் 1 கொடுக்காமல் இறக்கும்போது, கூகுள் சர்வரில் பண்டில் (களஞ்சியத்தை ஒரே கோப்பாகக் கட்டியது) இருக்கும் களஞ்சியங்கள் சாதாரணக் கோப்பாக இறங்கும், விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யும். சிங்க்கின் ஜே-யை 4-க்கு மேல் ஏற்றாதீர்கள். அளவுக்கு மீறினால் சர்வர் 429 என்ற பிழையைக் காட்டித் திருப்பி அனுப்பும்.

இதைவிட நல்ல வழி, ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் நண்பரிடம் ஹார்ட்டிஸ்க்கைக் கொண்டுபோவது. மூலநிரல் முழுவதையும் நகலெடுக்க வேண்டாம். புள்ளியில் தொடங்கும் ரெப்போ கோப்புறையை மட்டும் எடுத்து வந்து, உள்ளூர் சிங்க் என்ற விருப்பத்தோடு ஓட விட்டால் நெட்டே இல்லாமல் மூலநிரல் முழுவதும் விரிந்துவிடும். பிறகு வித்தியாசத்தை மட்டும் நெட்டில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு கல்லூரியில் ஒருவர் இறக்கினால் வகுப்பு முழுவதும் பயன்படுத்தலாம். இதை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? பில்டைப் பொறுத்தவரை நிஞ்சா முடித்த வேலைகளைக் குறித்து வைத்திருப்பதால், திரும்ப ஓட விட்டால் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதப்பட்டுக் கொண்டிருந்த கோப்பு வெறும் பூஜ்ய பைட்டாக நிற்கக்கூடும். அப்புறம் புரியாத இடத்தில் புரியாத பிழை வரும். அப்படி வந்தால் அவுட்டில் பூஜ்ய அளவுள்ள, அந்த நேரத்தில் எழுதப்பட்ட கோப்புகளைத் தேடி அழித்துவிட்டுத் தொடருங்கள். சிங்க் நடக்கும்போது போனால் கிட் பொருள்கள் கெட்டுப்போகும். 'ஆப்ஜெக்ட் கோப்பு காலியாக உள்ளது' என்று வரும் களஞ்சியத்தை மட்டும் ரெப்போ கோப்புறைக்குள் இருக்கும் புராஜெக்ட்ஸ், புராஜெக்ட் ஆப்ஜெக்ட்ஸ் இரண்டிலிருந்தும் நீக்கிவிட்டு மறுபடி சிங்க் செய்தால் போதும். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து இறக்க வேண்டியதில்லை. சாதாரண 600 விஏ யுபிஎஸ் சில நிமிடங்கள்தான் தாங்கும், ஆனால் பில்டை ஒழுங்காக நிறுத்தி ஷட்டவுன் செய்ய அது போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் கணினிக்கு முன்னால் யுபிஎஸ் வையுங்கள். மாறும் அந்த ஒரு நொடியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு முதல் நாள் இரவே பில்டைப் போட்டு முடித்துவிடுவது என் வழக்கம்.

லேப்டாப்பில் செய்கிறவர்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் எல்லாக் கோர்களும் முழு வேகத்தில் ஓடும் வேலை இது. லேப்டாப்பின் மெல்லிய ஃபேன் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சூடு 95 டிகிரியைத் தொட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மதியம் ஓட விட்டால், காகிதத்தில் 8 கோர் இருந்தாலும் கிடைப்பது அதில் பாதி வேகம்தான். அடிப்பகுதியை உயர்த்தி வையுங்கள், உள்ளே தூசியைச் சுத்தம் செய்யுங்கள், இரவில் ஓட விடுங்கள். இதே வேலைக்குப் பெட்டிக் கணினி எல்லா வகையிலும் மேல்.

8 ஜிபி மட்டும் இருந்தால்

முழு ஆண்ட்ராய்டும் வேண்டாம், செட்டிங்ஸ் ஆப்பை மட்டும் கம்பைல் செய்தால் குறைந்த ரேம் போதுமே என்று கேட்கலாம். போதாது. ஒரே ஓர் ஆப்பைக் கேட்டாலும் சூங் மூலநிரல் முழுவதையும் அலசிவிட்டுத்தான் அதற்கு வரும். நேரம் குறையும், ரேம் தேவையின் அடிமட்டம் குறையாது.

8 ஜிபியில் நிஜமாகவே செய்யக்கூடியது கெர்னல். போனின் கெர்னல் மூலநிரலைத் தனியாக, ஆழம் 1-இல் இறக்கினால் சில ஜிபிக்குள் அடங்கும். கிளாங் கம்பைலர் ஒன்று வேண்டும். பழைய லேப்டாப்பிலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கெர்னலைப் போனில் நிறுவ உதவும் எனிகெர்னல்3 ஜிப்பில் போட்டு ஃபிளாஷ் செய்தால், நீங்கள் கம்பைல் செய்த கெர்னலில் உங்கள் போன் ஓடும். அடுத்த படி டிடபிள்யூஆர்பி ரெக்கவரி (ஆண்ட்ராய்டு இல்லாமலே பூட் ஆகி, நிறுவல் வேலைக்கு உதவும் சிறு அமைப்பு); அதற்கென்று சுருக்கிய மேனிஃபெஸ்ட் (இறக்க வேண்டிய களஞ்சியங்களின் பட்டியல்) இருக்கிறது, முழு ஆண்ட்ராய்டில் ஒரு பங்குதான் இறங்கும். டிவைஸ் ட்ரீ என்றால் என்ன, பார்ட்டிஷன் எப்படி அமைகிறது என்பதெல்லாம் இங்கேயே புரிந்துவிடும். ஆண்ட்ராய்டுதான் வேண்டும் என்றில்லாதவர்கள் போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பக்கம் போகலாம். ஆல்பைன் லினக்ஸின் தயார் பொதிகளை வைத்துக் கட்டுவதால் சாதாரண லேப்டாப்பே போதும். போக்கோ எஃப்1 அதில் நன்றாக ஆதரிக்கப்படும் போன்களில் ஒன்று.

அதற்கு மேல் முழு ரோம் (போனில் நிறுவும் ஆண்ட்ராய்டுத் தொகுப்பு) ஒன்றை எப்போதாவது ஒரு முறை கட்டினால் போதும் என்றால், கணினி வாங்காமல் கிளவுடில் 16 கோர், 64 ஜிபி சர்வர் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது மலிவு. மூலநிரல் சர்வரிலிருந்து சர்வருக்கு வேகமாக இறங்கிவிடும்; நீங்கள் வீட்டுக்கு இறக்கப் போவது 1 ஜிபி சுற்றளவு ஜிப் மட்டும்தான். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சர்வரை நிறுத்தினாலும் அதன் வட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே வேலை முடிந்ததும் வட்டையும் நீக்குங்கள். இன்னொன்று, பில்டுக்குக் கையெழுத்திடும் தனிச் சாவிகளை அங்கே விட்டு வைக்காதீர்கள். கையெழுத்திடாத பில்டை இறக்கி வந்து வீட்டில் கையெழுத்திடலாம், அதற்கு 64 ஜிபி தேவையில்லை.

புதிதாக ஒரு பெட்டி கட்டப் போகிறவர் இன்று என்னிடம் கேட்டால் இதைச் சொல்வேன்: உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் 6 அல்லது 8 கோர் பிராசஸர், நான்கு ரேம் இடமுள்ள பலகை, அதில் இரண்டு 16 ஜிபி குச்சிகள், 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டி, ஒரு யுபிஎஸ். மீதி இரண்டு ரேம் இடங்களை அடுத்த போனஸுக்கோ அடுத்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கோ காலியாக விட்டு வையுங்கள்.